ஒரு மூட்டையும் இரண்டு வீடுகளும்

நம் மன்றச் செயலாளர் என் அறைக்கு மூன்று முறை வந்து போய்விட்டார். மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமாம். "கம்பனைப் பற்றியும் காதலைப் பற்றியும் வேண்டிய மட்டும் வந்துவிட்டன. நீ பொருளாதாரம் படிக்கிறவன், நாட்டு நடப்பு ஏதாவது எழுதிக் கொடு" என்றார். பொருளாதாரம் படிக்கிறவன் எழுதினால் எவரும் படிக்கமாட்டார்கள் என்று நான் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆகவே, எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே நாட்டு நடப்பைப் பற்றி எழுதுகிறேன். அது மக்காச்சோளம்.

நண்பர்கள் சிரிக்க வேண்டாம். இந்தத் தலைநகருக்கு வந்து மூன்றாம் ஆண்டு நடக்கிறது. இத்தனை நாளில் என் அறையில் நடந்த சண்டைகளும் சமாதானங்களும் பெரும்பாலும் அந்த மஞ்சள் மணியால் வந்தவையே.

என் ஊர் நாமக்கல்லுக்குப் பக்கத்தில். அப்பாவுக்கு இரண்டு கொட்டகைகள். அவற்றில் இருபதாயிரம் முட்டைக்கோழிகள். லட்சக் கணக்கில் கோழி வைத்திருப்பவர்கள் வாழும் வட்டாரத்தில் எங்களுடையது பெட்டிக்கடை மாதிரி. ஒரு கோழி நாளொன்றுக்குச் சுமார் 110 கிராம் தீவனம் தின்னும். அதில் பாதி மக்காச்சோளம். ஆக, எங்கள் கொட்டகைகளுக்கு நாள்தோறும் 11 குவிண்டால் வேண்டும். கிலோவுக்கு ஒரு ரூபாய் ஏறினால் மாதம் 33,000 ரூபாய் கூடுதல் செலவு. இந்தக் கணக்கை நான் பள்ளிக்கூடத்தில் கற்கவில்லை. இரவுச் சோற்றுக்கு உட்காரும்போது அப்பாவும் அம்மாவும் பேசிக்கொண்டதைக் கேட்டே கற்றேன்.

2023 ஜூலையில் விடுதியில் எனக்குக் கிடைத்த அறைத்தோழன் பீகாரில் பூர்ணியாவைச் சேர்ந்தவன். கூச்ச சுபாவம் உள்ளவன்; ஆகையால் பெயர் வேண்டாம். முதல் நாள் இரவு, எனக்கு அரைகுறை இந்தியும் அவனுக்கு அரைகுறை ஆங்கிலமுமாக, வீட்டில் என்ன தொழில் என்று ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொண்டோம். அவன் "மக்கை" என்றான். நான் "மக்கா" என்றேன். மொழிபெயர்ப்பே தேவைப்படாத சொல் அது ஒன்றுதான். அவன் வீட்டில் ஆறு ஏக்கர் நிலம். கார்த்திகை மார்கழியில் விதைத்து, சித்திரை வைகாசியில் அறுத்து, நெடுஞ்சாலை ஓரத்திலேயே மணியைப் பரப்பிக் காயவைத்து, குலாப்பாக் சந்தைக்குக் கொண்டுபோவார்களாம். மக்காச்சோளத்துக்கு அது இந்தியாவின் பெரிய சந்தைகளில் ஒன்று. அங்கிருந்து சரக்கு ரயிலேறும் மூட்டைகள் எங்கள் நாமக்கல் வரை வருகின்றன. இதைக் கேட்டதும் அவன், "அப்படியானால் உன் கோழி என் வயலைத் தின்கிறது!" என்று கைதட்டிச் சிரித்தான். நானும் சிரித்தேன். ஐந்து மாதம் சிரித்தோம்.

அந்த ஐந்து மாதம் எப்படி முடிந்தது என்பதைச் சொல்ல, இடையில் கொஞ்சம் அரசாங்கச் சங்கதியும் சொல்லியாக வேண்டும், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

நம் நாட்டுக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. அந்தச் செலவைக் குறைக்கப் பெட்ரோலில் எரிசாராயத்தை, அதாவது எத்தனாலைக் கலப்பது என்று 2003-இல் ஒன்பது மாநிலங்களில் தொடங்கினார்கள். பெயருக்குத்தான் நடந்தது. 2013-14 வரைக்கும் நூற்றுக்கு ஒன்றரை பங்குதான் கலந்தது. 2018-இல் புதிய கொள்கை வந்தது. கரும்புச் சர்க்கரைப் பாகு மாத்திரமல்ல, கரும்புச் சாறு, கெட்டுப்போன தானியம், உபரி மக்காச்சோளம் எல்லாவற்றிலிருந்தும் காய்ச்சலாம் என்றார்கள். 2030-க்குள் 20 பங்கு என்று வைத்த இலக்கைப் பிற்பாடு ஐந்தாண்டு முன்னுக்கு இழுத்தார்கள். ஆலைகள் முளைத்தன. பீகார் அரசு 2021-இல் இதற்கென்றே தனிக் கொள்கை வகுத்தது. தோழனின் பூர்ணியாவிலேயே 2022-இல் தானிய ஆலை ஒன்று திறக்கப்பட்டது.

அதுவரைக்கும் சாராயத்துக்குப் பெரிதும் ஆதாரம் கரும்பும் அரிசியும்தான். மக்காச்சோளம் ஓர் ஓரத்தில் இருந்தது. 2023 ஜூலையில், அரிசி விலை ஏறுகிறது என்று, இந்திய உணவுக் கழகம் ஆலைகளுக்கு அரிசி கொடுப்பதை நிறுத்திற்று. மராட்டியத்திலும் கருநாடகத்திலும் மழை பொய்த்ததால் சர்க்கரை குறையுமோ என்ற அச்சம் எழுந்து, டிசம்பர் 7-ஆம் தேதி கரும்புச் சாற்றிலிருந்து சாராயம் காய்ச்சக் கூடாது என்று ஆணை வந்தது. பத்து நாளைக்குள் அதைக் கொஞ்சம் தளர்த்தி, 17 லட்சம் டன் சர்க்கரைக்கு ஈடான அளவு வரை போகலாம் என்றார்கள். ஆனால் கலப்பு இலக்கு அப்படியே நின்றது. அரிசிக் கதவும் கரும்புக் கதவும் சாத்தியிருக்க, எல்லாக் கூட்டமும் மூன்றாவது கதவில் நெருக்கிற்று. 2024 ஜனவரியில் மக்காச்சோளச் சாராயத்துக்கு லிட்டருக்கு 5 ரூபாய் 79 காசு ஊக்கத்தொகை கூட்டி, 71 ரூபாய் 86 காசு என்று விலை வைத்தார்கள். கரும்புச் சாற்றுச் சாராயத்துக்கும் அவ்வளவு விலை இல்லை.

இந்த 71 ரூபாய் 86 காசுதான் என் கட்டுரையின் நாயகன். ஒரு குவிண்டால் மக்காச்சோளத்திலிருந்து சுமார் 38 லிட்டர் சாராயம் வரும். மிஞ்சுகிற சக்கையையும் உலர்த்தி மாட்டுக்கும் கோழிக்கும் தீவனமாக விற்கலாம். ஆகவே, தான் மணிக்கு எவ்வளவு வரை கொடுக்கலாம் என்று ஆலைக்காரர் வாங்கும் முன்னரே எழுதிப் பார்த்துவிடலாம். எங்கள் அப்பாவால் அது முடியாது. முட்டையின் விலையை அவர் வைப்பதில்லை. அது நாள்தோறும் அறிவிக்கப்படுவது. ஒருவருக்கு விற்பனை விலை உறுதி. மற்றவருக்கு மறுநாள் விலைகூடத் தெரியாது. இருவரும் ஒரே ஏலத்தில் ஒரே மூட்டைக்குக் கை நீட்டினால் எவர் கையில் மூட்டை விழும்?

கணக்கு ஆசை உள்ளவர்களுக்காக இன்னொன்றும் சொல்லுகிறேன். அந்த ஒரு குவிண்டால் எங்கள் கொட்டகைக்கு வந்தால் ஆயிரத்து எண்ணூறு கோழிகளுக்கு ஒரு நாள் பங்கு. மற்றத் தீவனத்தோடு சேர்த்துத் தின்றுவிட்டு அவை ஏறக்குறைய 1,600 முட்டைகள் இடும். அதே குவிண்டால் ஆலைக்குப் போனால், 20 பங்குக் கலப்பில், 190 லிட்டர் பெட்ரோலுக்கு ஆகும். எது மேல் என்று நான் சொல்லவரவில்லை. பேருந்துக்கும் ஸ்கூட்டருக்கும் பசி உண்டுதானே.

2022-23-இல் மக்காச்சோளத்திலிருந்து எண்ணெய்க் கம்பெனிகள் வாங்கிய சாராயம் 32 கோடி லிட்டர் அளவு. அடுத்த ஆண்டிலேயே 280 கோடி லிட்டருக்கு மேல் போயிற்று. இந்தச் செய்தி ஊரிலும் பரவி, அப்பாவைப் பெற்ற ஆத்தா ஒருநாள் தொலைபேசியில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஏங்கண்ணு, சோளத்தைக் காய்ச்சி வண்டிக்கு ஊத்தறாங்களாமே! வண்டி தள்ளாடாதா?" என்று கேட்டாள். நான் விளக்கினேன். "அப்படின்னா கோழிக்கு?" என்றாள். அதற்கு விளக்கம் இல்லை.

2024 பிப்ரவரியில் விடுதியில் ஒரு சொற்போர். 'உணவா, எரிபொருளா?' என்பது தலைப்பு. எனக்கு மேடை ஏறினால் வேகம் வந்துவிடும். "பசிக்கிற வயிறு இருக்கும் நாட்டில் தானியத்தைக் கொளுத்துகிறார்கள்" என்று முழங்கினேன். அமெரிக்காவையும் இழுத்தேன். அங்கே 2005-லும் 2007-லும் இயற்றிய சட்டங்களால் விளைகிற மக்காச்சோளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாராய ஆலைக்குப் போகிறது; 2012-இல் பெரும் வறட்சி வந்து மாட்டுப் பண்ணையாரும் கோழிப் பண்ணையாரும் சில மாநில ஆளுநர்களும் அந்தக் கட்டாயத்தை ஓராண்டு நிறுத்திவைக்கும்படி மன்றாடியும் அரசு இசையவில்லை; இதையெல்லாம் சொன்னேன். கைதட்டல் கிடைத்தது. முட்டைக்கு மாவு பூசி வறுத்துத் தின்கிற கூட்டம் கைதட்டாமல் என்ன செய்யும்?

அப்பொழுது என் கூச்சக்காரத் தோழன் எழுந்தான். அவன் மேடைக்கு வந்து நான் பார்த்ததே இல்லை. ஒரு தாளும் இல்லாமல் பேசினான்.

"2020-இல் கோழி தின்றால் கொரோனா வரும் என்று புரளி கிளம்பிற்று. கோழி விற்கவில்லை. அந்த ஆண்டு எங்கள் மக்கையைக் குலாப்பாக்கில் 1,200 ரூபாய்க்குக் கேட்டார்கள். சர்க்கார் அறிவித்த ஆதார விலை 1,760. எங்கள் மாநிலத்தில் 2006-லேயே ஒழுங்குமுறை விற்பனைக்கூடச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள். ஆதார விலைக்கு வாங்க ஆள் கிடையாது. அப்பொழுது எந்த மேடையில் எவர் பேசினீர்கள்? கோழிக்குச் சளி பிடித்தால் எங்கள் விலை விழும். அது ஊழ். எங்கள் விலை ஏறினால் மட்டும் நாட்டின் பசி உங்கள் நினைவுக்கு வருகிறதா?"

அரங்கம் ஒரு கணம் அமைதியாயிற்று. நான் கீழே குனிந்துகொண்டேன். 2020-ஐ எனக்கும் தெரியும். முட்டையை வாங்க ஆளில்லாமல் அப்பா கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்ததை நான் கண்ணால் கண்டவன். அதே வாரத்தில் பூர்ணியாவில் ஒரு வீட்டில் அதே காரணத்தால் ஒருவர் உட்கார்ந்திருந்தார் என்பது எனக்கு ஏன் தோன்றவில்லை?

அன்றிரவு அறையில் பேச்சில்லை. ஆனாலும் அது சண்டையன்று, வெட்கந்தான். சண்டை ஜூலையில் வந்தது.

கோடை விடுமுறை முடிந்து அவன் ஒரு டப்பா லட்டோடு வந்தான். மக்கை குவிண்டாலுக்கு 2,200-க்கு மேல் போனதாம். அவன் தங்கைக்கு, இல்லை, அக்காவுக்குத் திருமணம் நிச்சயமாகிவிட்டதாம். மூன்றாண்டாகத் தள்ளிப்போன திருமணம். அவன் லட்டை என் வாயருகே நீட்டியபோது நான் அப்பாவோடு பேசி முடித்து அரை மணி ஆகியிருந்தது. நான் கல்லூரியில் சேர்ந்தபோது பண்ணையில் இறங்குகிற விலை கிலோ 21 ரூபாய். அன்று 26. மாதம் 1,65,000 ரூபாய் வித்தியாசம். "ஒரு கொட்டகையைக் காலியா விட்டுட்டேன் கண்ணு. கிழக்கோழியை வித்தாச்சு, புதுக்குஞ்சு இறக்கல. நீ ஒண்ணும் நினைச்சுக்காம படி" என்றார். மக்காச்சோளத்துக்குப் பதில் கம்பும் குருணையும் கலந்து பார்க்கிறாராம். அப்படிக் கலந்தால் முட்டையின் கரு வெளுத்துப் போகும். வெளுத்த கருவைக் கண்டால் வாங்குகிறவர்கள் முகம் சுளிப்பார்கள். சாராய ஆலையின் சக்கைத் தீவனம் மலிவுதான். ஆனால் மணியில் பூஞ்சை நஞ்சு இருந்தால் மாவுச்சத்து போனபின் சக்கையில் அது மூன்று மடங்கு திரண்டு நிற்கும். அப்பா அதை நம்பவில்லை.

"எனக்கு லட்டு வேண்டாம்" என்றேன். ஏன் என்றான். சொன்னேன். சொன்ன விதம் சரியில்லை. "உன் அக்காவின் கலியாணச் செலவு எங்கள் கொட்டகை" என்பது போல ஏதோ சொல்லிவிட்டேன். அவன் டப்பாவை மூடி அலமாரியில் வைத்தான். நான்கு நாள் நாங்கள் பேசவில்லை. ஐந்தாம் நாள் டப்பாவில் எறும்பு ஏறியிருந்தது. இருவருமாக அதை வெளியே எடுத்துப்போய்த் தட்டினோம். அப்பொழுதுதான் அவன் கேட்டான்: "இந்த விலையை என் அப்பாவா வைத்தார்?"

இல்லை. அவரும் வைக்கவில்லை, என் அப்பாவும் வைக்கவில்லை. நாங்கள் இருக்கும் விடுதியிலிருந்து ஒரே பேருந்தில் போய்ச் சேரக்கூடிய கட்டடங்களில் வைத்தார்கள். அதற்காக அங்கிருப்பவர்களை நான் தூற்றவில்லை. எண்ணெய்ச் செலவைக் குறைக்க வேண்டியதுதான். உழவனுக்கு நல்ல விலை கிடைக்க வேண்டியதுதான். என் குறை வேறு. மக்காச்சோளம் விதைத்து அறுக்க நான்கைந்து மாதம் ஆகிறது. குஞ்சு இறக்கினால் இருபது வாரம் கழித்துத்தான் முதல் முட்டை. ஆணைகளோ பத்து நாளில் பிறந்து பத்து நாளில் மாறுகின்றன. மூன்று கதவில் இரண்டைச் சாத்தும்போது மூன்றாவதில் யார் நசுங்குவார் என்று ஒரு பருவத்துக்கு முன்னாலாவது எண்ணிப் பார்த்திருக்கலாம் அல்லவா? ஆண்டுதோறும் லட்சக் கணக்கான டன் மக்காச்சோளத்தை ஏற்றுமதி செய்த நாடு, 2024-இல் மியான்மரிலிருந்தும் உக்ரேனிலிருந்தும் கப்பலில் வரவழைத்தது. வழக்கமான 50 சதவிகிதச் சுங்கத்தை 15 ஆகக் குறைத்து ஐந்து லட்சம் டன் வரைக்கும் அந்த ஜூனில் அனுமதி கொடுக்க வேண்டிவந்தது. எண்ணெய் இறக்குமதியைக் குறைக்கப் புறப்பட்டுத் தானிய இறக்குமதியில் வந்து நின்றோம்.

பிறகு சக்கரம் சுழன்றது. 2024 ஆகஸ்டில் கரும்புச் சாற்றுக் கதவைத் திறந்தார்கள். அரிசிக் கதவும் திறந்தது. 2025 ஜனவரியில் ஆலைகளுக்குக் கொடுக்கும் அரிசியின் விலையைக் குவிண்டால் 2,250 ரூபாயாகக் குறைத்தார்கள். இரண்டாண்டு விலையைக் கண்ட உழவர்கள் எங்கும் மக்காச்சோளமே விதைத்திருந்தார்கள். விளைச்சல் நாலு கோடி டன்னைத் தாண்டிற்று. கலப்பு 2025-இல் 20 பங்கைத் தொட்டு நின்றது. அதற்குமேல் எவ்வளவு என்பது தெரியவில்லை, ஆலைகளோ பெருகிவிட்டன. 2025-26-ஆம் ஆண்டுக்கு அவை 1,776 கோடி லிட்டர் தருகிறோம் என்றன; எண்ணெய்க் கம்பெனிகள் ஏற்றது 1,048 கோடி லிட்டர் அளவுதான். ஆதார விலையை 2,400 என்று உயர்த்தி அறிவித்த அதே ஆண்டில், சந்தையில் இரண்டாயிரத்துக்கும் கீழே கேட்டார்கள். நவம்பரில் வடகருநாடக உழவர்கள் தெருவில் இறங்கிக் கொள்முதல் நிலையம் கேட்டுப் போராடினார்கள்.

பூர்ணியாவில் தோழனின் தந்தை, போன ஆண்டுபோல மழைக்காலத்துக்குப் பின் ஏறும் என்று, அறுப்பில் பாதியை விற்காமல் வீட்டில் அடுக்கியிருந்தார். அறுபது குவிண்டால். பக்கத்து ஆலை ஒன்று தனக்குக் கிடைத்த ஒதுக்கீடு குறைந்தது என்று வாங்குவதைச் சுருக்கிக்கொண்டது. 1,800 என்றார்கள், மறுவாரம் அதுவும் இல்லை என்றார்கள். அக்கா கலியாணத்துக்கு வாங்கிய கடனில் ஒரு தவணை நின்றது.

அதே வாரம் அப்பா பேசினார். குரலில் பழைய தெம்பு. "21-க்கு வந்துருச்சு கண்ணு. ரெண்டாவது கொட்டகையைக் கழுவிச் சுண்ணாம்பு அடிச்சாச்சு. பத்தாயிரம் குஞ்சுக்குச் சொல்லியிருக்கேன்" என்றார். தோழன் எதிர்க் கட்டிலில் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தமிழ் தெரியாவிட்டாலும் 'இருபத்தொண்ணு' என்பதை அவன் மூன்றாண்டில் கற்றிருந்தான். நான் லட்டு வாங்கவில்லை.

அப்பாவிடம் அவன் வீட்டு நிலையைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்த அறுபது குவிண்டாலை நம்ம பண்ணைக்கே அனுப்பச் சொல்லேன், இங்க கொடுக்கிற விலையையே கொடுத்துட்டாப் போகுது" என்றார். அன்றிரவு நானும் தோழனும் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்தோம். அறுபது குவிண்டால் என்பது எங்கள் இரண்டு கொட்டகையும் நிரம்பியிருந்தால் ஆறு நாளுக்குக்கூடக் காணாது. ஒரு லாரியில் கால் பங்குதான் நிரம்பும். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் லாரி வாடகை கொடுத்தால் விலையில் பெரும்பகுதி வாடகைக்கே சரியாகிவிடும். ரயில் என்றாலோ முழுத் தொடராகப் பேச வேண்டும். அதில் ஆயிரக் கணக்கான டன் பிடிக்கும். தாளைக் கசக்கி எறிந்தோம். அவன் தந்தை அதை 1,750-க்குக் கொடுத்துவிட்டார்.

அன்று முதல் ஒரு வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் ஊருக்குப் பேசும்போது அப்பா குலாப்பாக்கில் என்ன விலை என்று கேட்பார். அவன் பேசும்போது அவன் தந்தை நாமக்கல்லில் என்ன விலை என்று கேட்பார். ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாது. நாங்கள் நடுவில் இருந்து எண்களை மாத்திரம் மாற்றிக் கொடுக்கிறோம்.

2025 டிசம்பரில் பூர்ணியாவில் ஆறு ஏக்கரில் இரண்டை மக்கையிலிருந்து எடுத்துக் கோதுமை விதைத்துவிட்டார்கள். சுற்றிலும் பலர் அப்படியே செய்தார்களாம். அதே டிசம்பரில் எங்கள் இரண்டாவது கொட்டகையில் குஞ்சு இறங்கிற்று. நேற்று உணவுக்கூடத்தில் தோழன் விரலை விட்டு எண்ணினான். குஞ்சுகள் முட்டையிடத் தொடங்குவது மே மாதம். அவன் ஊரில் அறுப்பும் மே மாதம்.

"எல்லாரும் குறைத்து விதைத்திருக்கிறார்கள். மே மாதத்தில் உன் அப்பா என் அப்பாவைத் திட்டுவார்" என்றான்.

"திட்டமாட்டார். விலை கேட்பார்" என்றேன்.

அவன் என் தட்டிலிருந்த முட்டையை எடுத்து இரண்டாகப் பிளந்து கருவின் நிறத்தைப் பார்த்தான். நல்ல மஞ்சள். பாதியை எனக்கு வைத்துவிட்டுப் பாதியை அவன் தின்றான்.